அண்ணன் கேட்டுவிட்டுத்தான் ஏறினார்

நானும் அண்ணனும் ஆசைப்பட்டுத் தேடிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் திண்டிவனத்தில் விலைக்கு வந்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள் நான். சோதிக்க வேண்டியவற்றைப் பத்தொன்பது வரிகளில் எழுதி எடுத்துப் போனேன்.

"காரு பாக்கறியா, மாப்ள பாக்கறியா?" என்று அண்ணன் சிரித்தார்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த வண்டி என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. முந்துவதென்றால் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எதிரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

அண்ணன் ஓட்ட, நான் வலப்பக்கம் உட்கார்ந்து, விழுப்புரம் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். மயிலம் கூட்டுரோட்டைத் தாண்டியதும் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனது.

"ஏறலாமா பாப்பா?" முந்தலாமா என்று அண்ணன் கேட்டார்.

இன்ஜின் சத்தத்தைப் பற்றிக் குறித்துக்கொண்டிருந்த நான் தலை நிமிராமல் "ம்" என்றேன்.

எதிரே சைக்கிளில் வந்தவர் அங்கேயே இறந்துபோனார்.

"அவ வாணான்னுதாங்க சொன்னா. நாந்தான் கேக்காம ஏறிட்டேன்" என்றார் அண்ணன், போலீஸ்காரரிடம். நான் வாய் திறக்கவில்லை. கோர்ட்டிலும் அதையே சொன்னார். நானும் ஆமாம் என்றேன். இப்போது அவர் சிறையில் இருக்கிறார்.

இறந்தவரின் மனைவிக்காவது உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் கோலியனூரில் இருக்கிறார். எங்கள் விழுப்புரம் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். இன்னும் போகவில்லை.