வெண்டைக்காய் நுனியும் வெற்றுப் பக்கமும்

நுனியை ஒடித்துப் பார்க்காமல் அம்மா வெண்டைக்காய் வாங்கியதே இல்லை. செஞ்சி மார்க்கெட்டில் காய்க்காரம்மா, "எல்லாத்தயும் ஒடிச்சிட்டா நான் இன்னாத்த விக்கிறது?" என்று கத்துவார். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். அந்தப் புத்தி எனக்கும் அப்படியே வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வேலையில் சர்வரிலிருந்து எது வந்தாலும் முதலில் திரையில் அச்சிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு அடுத்த வேலை.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஜாவா நிரல் எழுதுகிறேன். அன்று காலை நான் செய்த பஸ் நேர வலைப்பக்கத்தை மேலாளருக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் செஞ்சியிலேயே இருக்கலாம். ஓடாவிட்டால் திங்கட்கிழமை முதல் சென்னை ஹாஸ்டல். அந்தச் சாம்பாரை நினைத்தாலே எனக்கு அழுகை வரும். அம்மா அதற்குள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

அன்று பார்த்து அமாவாசை. மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தன. என் பக்கத்தில்தான் ஒரு பஸ்ஸும் இல்லை! சர்வர் அனுப்பிய பதில் அச்சில் அழகாக வருகிறது; ஊர், நேரம் எல்லாம் இருக்கிறது. அதையே பக்கத்தில் போடச் சொன்னால் வெறும் வெள்ளை.

"சனியனே, இப்பதானே பாத்தேன், எங்க போய்த் தொலைஞ்ச?"

"இன்னாடி, தனியா பேசினு இருக்கிற? டென்ஷன் ஆவாத, டீ குடி," என்று அம்மா டம்ளரை நீட்டினாள்.

குடித்துக்கொண்டே ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நான் அச்சிட்ட வரியில் கண் நின்றது. அட, மண்டு! பதிலின் உள்ளடக்கம் ஸ்ட்ரீமாக, குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடி வருகிறது. ஒருமுறை கடைசிவரை படித்துவிட்டால் அவ்வளவுதான், மறுபடி படித்தால் ஒன்றும் மிஞ்சாது. அச்சிடுவதற்காகவே முழுவதையும் படித்துத் தீர்த்திருக்கிறேன். டீயைக் குடித்துவிட்டு டம்ளரில் தேடிய கதைதான்.

ஒரே முறை முழுதாகப் படித்து ஒரு ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துச் சரமாக, சேமித்து வைத்துக்கொண்டேன். அச்சுக்கும் அதுவே, பக்கத்துக்கும் அதுவே. மேலாளர் அழைப்பதற்குள் பக்கம் முழுக்க பஸ்கள். நான் நாற்காலியிலேயே குதித்தேன்.

பார்த்து முடித்த மேலாளர், 'செஞ்சியிலிருந்தே வேலையைத் தொடருங்கள்' என்று செய்தி அனுப்பினார்.

"மெய்யாலுமா? காட்டு," என்றாள் அம்மா. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். உடனே திரும்பி வந்தாள்.

"இன்னொரு தபா காட்டு."

காட்டினேன். அதே வரி அப்படியே இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைப் பரணில் ஏற்ற நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.