எதிர்வீட்டு சிஸ்டர்களும் பின்பக்கத் தொட்டியும்

முடிச்சூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எதிரே ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மூன்று கன்னியாஸ்திரிகள் குடிவந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். இரண்டும் இல்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி யாராவது செத்துப்போனால் அந்த வீட்டுக்குப் போவது, செத்தவரின் மனைவியோடு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவது, இதுதான் அவர்கள் வேலை. மூவரில் மூத்தவர் வக்கீல். காலையில் ஸ்கூட்டியில் தாம்பரம் பக்கம் கிளம்புவதைப் பால்கனியிலிருந்து பார்ப்பேன்.

எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. மழைக்காலத்தில் தரைக்கடியில் நீர் ஏறி, பின்பக்கத் தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடும். லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போகும். அப்படி ஒருமுறை லாரி நின்றபோது அந்த வக்கீல் சிஸ்டர் தெருவைக் கடந்து வந்து டிரைவரிடம், "யாரும் உள்ள இறங்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டார்.

"மிஷின்தான் சிஸ்டர்," என்றார் டிரைவர்.

போகும்போது வாசலில் நின்றிருந்த என்னிடம் சிஸ்டர் தன் போன் நம்பரைக் கொடுத்தார். "உங்க தொட்டியில அடிச்சேறு இறுகிப்போச்சு போல. மிஷினுக்கு வரலைன்னா ஆளை இறக்குவாங்க. அது சட்டப்படி குத்தம். பார்த்தா உடனே கூப்பிடுங்க."

இறக்கினால் என்று அவர் சொல்லவில்லை. இறக்குவாங்க என்றார். அதற்குப் பிறகு பின்பக்கம் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அந்த சிமென்ட் மூடியைச் சுற்றித்தான் நடந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலுக்கு லீவு போட்டு வீட்டில் இருந்தேன். மதியம் கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போனபோது கீழே பேச்சுக் குரல் கேட்டது. ஜன்னலைத் திறந்தேன். மூடி திறந்திருந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே கையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஓர் ஆள் சட்டையைக் கழற்றி, மடித்து, சுற்றுச்சுவர் மேல் வைத்தார். இடுப்பில் ஒரு கயிறு. முகத்தில் கவசம் எதுவும் இல்லை.

சிஸ்டருக்கு போன் போட்டபடியே மாடிப்படிகளில் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆள் உள்ளே இறங்கிவிட்டிருந்தார்.

"சார், அவரை மேல வரச் சொல்லுங்க."

"அஞ்சு நிமிஷம் மேடம். நீங்க வீட்டுக்குப் போங்க, ஸ்மெல் ஒத்துக்காது," என்றார் செயலாளர்.

லாரி டிரைவர் தொட்டிக்குள் குனிந்து கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். சிஸ்டர் ஓடி வந்து, தானும் இறங்கப் போன டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் தம்பி, நீயும் போயிடுவ. கயித்தை இழு." எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். கனமாக வந்தது, பிறகு எதிலோ சிக்கி நின்றுவிட்டது. தீயணைப்பு வண்டி வந்துதான் அவரை வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை.

அன்று மாலையே குழுவில் செய்தி வந்தது: குடிபோதையில் இருந்த வெளியாள் ஒருவர் தவறி விழுந்து இறந்தது வருத்தத்துக்குரியது. பின்பக்க கேமரா வேலை செய்யவில்லை என்றார்கள். காலை வரை அது வேலை செய்தது. மாடி வீட்டு அம்மா பழத்தோடு வந்து, போகும்போது என் கையைப் பிடித்து, "உங்களுக்குக் காய்ச்சல். படுத்துட்டு இருந்தீங்க. எதையும் பார்த்திருக்க மாட்டீங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இறந்தவரின் மனைவி அனகாபுத்தூரிலிருந்து வந்து சிஸ்டர்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "யக்கா, என் வூட்டுக்காரு குடிச்சிகினு வந்து வுழுந்துட்டாருன்றாங்க. நீ பாத்தியா?"

"இல்லம்மா. தெளிவாத்தான் நின்னாரு. சட்டையை மடிச்சு சுவர் மேல வெச்சுட்டுத்தான் இறங்கினாரு. இவங்க இறங்கச் சொன்னாங்க."

"ஆமா, மடிச்சிதான் வெப்பாரு," என்றார்.

பிறகு என்னாலும் சும்மா இருக்க முடியவில்லை, பார்த்ததை ஸ்டேஷனில் சொல்வதென்று முடிவு செய்தேன். கணவர் தடுக்கவில்லை, பெண் ஏழாவது படிக்கிறாள், அதை மட்டும் யோசி என்றார். அந்த வாரம் சிஸ்டர்கள் வீட்டு வாசலில் தெரியாத ஆட்கள் பைக்கை நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போனார்கள். ஸ்கூட்டியின் டயர்கள் கிழிந்து கிடந்தன. வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது சிஸ்டர் கேட்டார்: "பயமா இருக்கா?"

"இருக்கு சிஸ்டர்."

"எனக்கும்தான். ஆட்டோ வந்துருச்சு, வாங்க."

பார்த்ததைச் சொன்னேன். தவறி விழுந்தார் என்பது மாறி, சட்டத்தை மீறி ஆளை இறக்கியதாக வழக்குப் பதிவானது. செயலாளரும் லாரி முதலாளியும் கைதாகி, ஜாமீனில் வந்துவிட்டார்கள். லிப்டில் யாரும் இப்போது என்னோடு ஏறுவதில்லை. சிஸ்டர்கள் அனகாபுத்தூரில் ஒரு சந்துக்குள் வீடு பிடித்துப் போய்விட்டார்கள். இறந்தவரின் மனைவி அவர்களோடு சேர்ந்து குடியிருப்பு குடியிருப்பாகப் போய், ஆளை இறக்காதீர்கள் என்று சொல்கிறார். பாதி இடங்களில் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதில்லை.

போன வாய்தாவுக்குக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் நல்ல சட்டை போட்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"பாப்பா ஸ்கூல் வேன்லதான வருது மேடம்? அந்த டர்னிங்ல தனியா இறங்குது. பாத்துக்குங்க."

நான் திரும்புவதற்குள் எழுந்து போய்விட்டார். சிஸ்டரிடம் சொன்னேன். அங்கேயே ஸ்டேஷனுக்கு ஒரு புகார் எழுதினார். பிறகு, "நாளையிலேர்ந்து நாங்க மூணு பேரும் மாத்தி மாத்தி வந்து அவளைக் கூட்டிட்டு வர்றோம்," என்றார்.

இப்போது வேன் நிற்கும் திருப்பத்தில் தினமும் ஒரு சிஸ்டர் நிற்கிறார். எதிர்ப்பக்கத்தில் சில நாட்களில் ஒரு பைக்கும் நிற்கிறது. அடுத்த வாய்தாவில் என்னைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கப் போகிறார்கள்.