வடிவு சேர்த்த சொற்கள்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் அருணாசலவடிவு என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மேஜிக்காரங்க வீடு என்று கேட்டால் பால்காரர் முதல் கூரியர்காரர் வரை கை நீட்டிக் காட்டுவார்கள். அந்த வீட்டில் மேஜிக் செய்கிறவர் ஒருவரும் கிடையாது. வடிவின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்க்கிறார். கன்டெய்னர் வந்ததா போனதா என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை. மேஜிக்காரர்களுக்கும், பொம்மையைப் பேசவைக்கிறவர்களுக்கும், பலூனை முறுக்கி நாய்க்குட்டி செய்து தருகிறவர்களுக்கும் மாடி அறையில் உட்கார்ந்து லோகோவும் வெப்சைட்டும் செய்து கொடுப்பது வடிவின் பிழைப்பு.

ஆரம்பத்தில் உப்புப் பாக்கெட்டுக்கு உறையும் சடங்கு வீட்டுக்கு ஃபிளெக்ஸும் செய்துகொண்டிருந்தவள்தான். ஒருநாள் கோவில்பட்டி மேஜிக்காரர் ஒருவர், அந்தரத்தில் நிற்கும் பந்தோடு எடுத்த போட்டோவைக் கொண்டுவந்தார். பெரிதாக்கியபோது பந்தைத் தாங்கிய கறுப்பு நூல் பளிச்சென்று தெரிந்தது. வடிவு ஒன்றும் கேட்காமல் நூலை அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். பின்னால் நின்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. தொழில் ரகசியத்தைப் பார்த்தும் வாயைத் திறக்காத பெண் என்று அவர் போய்ச் சொல்லச் சொல்ல, நாகர்கோவிலிலிருந்து மதுரை வரைக்கும் உள்ளவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். எல்லாருக்கும் தொப்பியும் முயலும்தான் வேண்டும். தூத்துக்குடி வெயிலில் அந்தத் தொப்பியை யார் போடுவார் என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இன்றைக்குத் தென்மாவட்டத்தில் எவர் எந்தச் சட்டைக் கைக்குள் எதை ஒளித்து வைத்திருக்கிறார் என்பது வடிவுக்கு அத்துப்படி. கட்டிய புருஷனிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

வாயை இப்படி அடக்கத் தெரிந்தவளுக்குக் கையை அடக்கத் தெரியாமல் போயிற்று. அதுதான் வினையாக முடிந்தது.

தங்கதுரை பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வளையலும் கிளிப்பும் விற்கிற ஃபேன்சி ஸ்டோர்காரர். சாயங்காலமானால் பிறந்தநாள் வீடுகளில் 'மேஜிக் துரை'. அவருக்குப் பிள்ளை இல்லை; ஊர்ப் பிள்ளைகள் சிரித்தால் அன்றைக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கை சுத்தமான கை. ஆனால் கூப்பிடத்தான் ஆளில்லை. வடிவு அவருக்குக் கருநீல நிறத்தில் அழகாக ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாள். மாதங்கள் போயின, ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அவர் குறை சொல்கிற ஜாதி இல்லை. நம்ம பக்கத்தை யாரும் பாக்கலியோ வடிவு என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டார், அவ்வளவுதான். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

இந்த மாவட்டத்து ஜனங்கள் போனில் என்னதான் தேடுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தாள். பிறந்தநாள் மேஜிக்கைத் தேடுகிறவர் அபூர்வம். செய்வினை எடுப்பது, பேய் விரட்டுவது, மை போட்டுப் பார்ப்பது, பிரிந்த புருஷனைச் சேர்ப்பது, இவற்றைத் தேடுகிறவர்களோ ஏராளம். பார்த்தாள் வடிவு. அந்தச் சொற்களையெல்லாம் தங்கதுரையின் பக்கத்து அடியில், கருநீலத்தின் மேல் கருநீலமாக எழுதிவைத்தாள். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, தேடுகிற எந்திரத்துக்கு மட்டும் தெரியும். வந்து எட்டிப் பார்க்கிறவர்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்காவது பிறந்தநாள் வராமலா போகும் என்பது அவள் கணக்கு. தங்கதுரையிடம் இதைச் சொல்லவில்லை.

கூட்டம் வந்தது. பிறந்தநாள்களும் வந்தன, அவர் பூரித்துப்போனார். கூடவே வேறு அழைப்புகளும் வந்தன. கடலுக்குப் போனவனைக் காணோம், உயிரோடு இருக்கிறானா என்று சொல்லுங்கள் என்றார்கள். வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் கிடக்கிறது என்றார்கள். இரண்டு மூன்று பேர் பேசவே இல்லை, அழுதார்கள். தங்கதுரை சிரித்துக்கொண்டே வடிவிடம் இதைச் சொன்னார்; அந்த அழைப்புகள் எதனால் வருகின்றன என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்போதே அழித்திருக்கலாம். அடுத்த வாரம் அவருக்கு ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மனிதருக்குப் புத்தி எப்போதும் இப்படித்தான் ஒரு வாரம் பிந்துகிறது.

அந்த வாரத்தில்தான் ஆறுமுகநேரியிலிருந்து முத்துமாரி வந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவள், புருஷன் வளைகுடாவில். மகள் இசக்கிப்பிரியாவுக்குப் பதினொரு வயது, சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை சாப்பிட்டும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. யாரோ வைத்த வைப்பு, செய்வினை என்று முத்துமாரிக்குத் தோன்றிவிட்டது. போனில் தேடியிருக்கிறாள், திரையில் 'மேஜிக் துரை' வந்திருக்கிறார். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கதுரை வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் அந்த ஆள் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளை பயந்து முழித்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், அதைச் சிரிக்கவைக்கலாம் என்று வெறுங்கையை விரித்துக் காட்டி, மூடி, திருநீறு வரவழைத்தார். பிள்ளை சிரித்துவிட்டது. ஒண்ணுமில்ல தாயி, எல்லாம் சரியாயிரும் என்று நெற்றியில் பூசி அனுப்பினார்.

பிறகு நடந்ததை வடிவிடம் அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கேட்ட வடிவு அன்றைக்கே எல்லாச் சொற்களையும் அழித்தாள். அழித்ததை அவரிடம் சொன்னாள், எழுதியது தான்தான் என்பதையும் சொன்னாள். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழிந்திருக்கும். தங்கதுரையிடமிருந்து போன். முத்துமாரி தேங்காய் பழத்தோடு வந்துவிட்டுப் போனாளாம். பிள்ளைக்கு அன்றிலிருந்து வலிப்பே வரவில்லையாம். அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது வடிவுக்குத் தெரியும். அவளுடைய பெரியப்பா மகன் அப்படித்தான் போனான். அந்தப் பிள்ளையின் உயிர் இப்போது தன் கையில் தொங்குகிறது என்று அவளுக்குப் பட்டது. போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். நீங்க இருக்கையில எனக்கென்ன பயம் சாமி என்று முத்துமாரி சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு வழிதான் வடிவுக்குத் தோன்றியது.

"அண்ணாச்சி, அவ கண்ணு முன்னால வித்தைய உடைச்சுக் காட்டிருங்க."

எந்த மேஜிக்காரரும் செய்யாத காரியம் அது. அவர் உடனே சட்டையை மாட்டினார்.

இரண்டு பேரும் காலை பஸ்ஸில் போனார்கள். ஆறுமுகநேரி நெருங்க நெருங்க வெயில் உப்பளத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. முத்துமாரியின் வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்கு நடுவே, வெப்சைட்டிலிருந்து எடுத்து அச்சடித்த மேஜிக் துரையின் படம் மாட்டியிருந்தது. அதற்கு முன்னால் விளக்கு எரிந்தது. அந்தப் படத்தில் முகத்தைச் சுற்றி ஒளி வைத்தது வடிவுதான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிள்ளை பாயில் படுத்திருந்தது. காலையிலிருந்து சோர்வு, வேறொன்றும் இல்லை என்றாள் முத்துமாரி. உதட்டோரத்தில் கடிபட்ட ரத்தம் காய்ந்திருந்தது.

தங்கதுரை ஸ்டூலில் உட்கார்ந்து பையைத் திறந்தார். சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து உருட்டிக் காயவைத்த சின்ன உருண்டைகளை அவள் உள்ளங்கையில் கொட்டினார். அதில் ஒன்றைக் கட்டைவிரல் இடுக்கில் எப்படி ஒளிப்பது, கையை எப்படி விரித்தால் தெரியாது, விரல் நுனியால் எப்படி நொறுக்குவது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். இதைச் செய்யும்போது அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஊர் நடுவில் வேட்டியை அவிழ்த்தவர் மாதிரி இருந்தார். கடைசியில் ஓர் உருண்டையை அவளையே நொறுக்கச் சொன்னார். நொறுக்கினாள். விரலெல்லாம் திருநீறு.

"பாத்தியாம்மா? இதுல சாமியும் இல்ல, மந்திரமும் இல்ல. பிள்ளைக்கு மாத்திரையக் குடு."

முத்துமாரி அந்தச் சாம்பலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்னையச் சோதிக்கிய சாமி. எனக்குத் தெரியும். பெருசா உள்ளவிய தன்னைய மறைக்கத்தான செய்வாவ. இப்பம் என் கையிலயும் வர வச்சிட்டிய."

நூலைக் காட்டியாயிற்று, கையிலேயே கொடுத்தாயிற்று, இவள் நூலையும் கும்பிடுகிறாள். இனி என்ன செய்வது என்று நினைப்பதற்குள் பாயில் பிள்ளையின் உடம்பு விறைத்தது. கண் மேலே சொருகி, வாய் கோணி, கையும் காலும் வெட்டின. வடிவு ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நிற்கும் நிற்கும் என்று பார்த்தார்கள். நிற்கவில்லை. கொஞ்சம் தணிந்து, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வெட்டியது. உதடு நீலம் பாய்ந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கப் போன வடிவை முத்துமாரி கையை விரித்து மறித்தாள். ஆஸ்பத்திரியில் கொண்டுபோட்டால் இறங்கின செய்வினை திரும்ப ஏறிக்கொள்ளும், சாமி இங்கேயே பார்க்கட்டும் என்றாள். பெற்றவளைத் தள்ளிவிட்டுத் தூக்கலாம் என்றால் வாசலில் தெருவே கூடி நிற்கிறது.

வடிவு தங்கதுரையின் காதருகே குனிந்தாள்.

"சாமியாவே சொல்லுங்க, அண்ணாச்சி. உத்தரவு போடுங்க."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஸ்டூலைவிட்டு எழுந்தார். மேடைக்கென்று அவர் வைத்திருந்த அடிவயிற்றுக் குரல் கிளம்பியது. பிறந்தநாள் வீடுகளில் பிள்ளைகள் கைதட்டும் குரல் அது. அந்தச் சின்ன அறையில் அதைக் கேட்க வடிவுக்கே பயமாக இருந்தது.

"என் திருநீறு ஆஸ்பத்திரி வாசல் மிதிச்சாத்தான் வேலை செய்யும். தூக்கு பிள்ளைய."

முத்துமாரி தூக்கினாள்.

தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். மறுநாள் பிள்ளை எழுந்து இட்லி கேட்டது. தங்கதுரை வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். வடிவும் அழுதாள். அன்றைக்கு அவர்கள் இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரே பார்த்தது. செத்த பிள்ளையை எழுப்பினார் என்று ஆறுமுகநேரியில் கிளம்பிய பேச்சு, திருச்செந்தூர் வழியாகச் சுற்றித் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. வடிவு வெப்சைட்டையே இல்லாமல் ஆக்கினாள். ஒரு பிரயோஜனமும் இல்லை. நம்பர் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. ஃபேன்சி ஸ்டோர் வாசலில் வளையல் வாங்க வருகிறவர்களைவிட எலுமிச்சம்பழத்தோடு வருகிறவர்கள் அதிகம். பிறந்தநாள் அழைப்புகள் நின்றுபோயின. மந்திரவாதியைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் யார் கூப்பிடுவார்கள்? வருகிற எல்லாரையும் தங்கதுரை டாக்டரிடம் போகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பூரில் மச்சினனோடு போய் இருந்துவிடலாமென்று இருப்பதாக வடிவிடம் சொன்னார். போங்க அண்ணாச்சி, அதுதான் நல்லது என்றாள் அவளும்.

அவர் கிளம்புவதாக இருந்த அன்று காலையில், முத்துமாரி மகளோடு வடிவைப் பார்க்க மாடியேறி வந்தாள். பிள்ளை தெளிவாக இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் இருந்த கோமாளியைப் பார்த்துச் சிரித்தது. வடிவுக்கு அதை அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தலையைத் தடவிக்கொடுத்து, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டாள்.

"மாத்திரை எதுக்குக்கா இனி? ஆஸ்பத்திரி வாசல மிதிச்சா வேலை செய்யும்னு சாமி சொன்னாவ. மிதிச்சாச்சு, வேலையும் செஞ்சிட்டு. முந்தாநாளே நிப்பாட்டிட்டேன்."

சண்டை பிடிப்பதுபோல அவள் சொல்லவில்லை; வெகு சாந்தமாகச் சொன்னாள். வடிவு கெஞ்சினாள், டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினாள், அதட்டியும் பார்த்தாள். முத்துமாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அதைச் சாமி சொல்லட்டும் என்றாள்.

வடிவு போனை எடுத்தாள். தங்கதுரை பஸ் ஸ்டாண்டில் இருந்தார். பின்னால் கண்டக்டர்கள் ஊர் பெயர் சொல்லிக் கத்துவது கேட்டது. விஷயத்தைச் சொன்னாள். தினமும் மாத்திரையைத் திருநீற்றோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், நிறுத்தினால் பலிக்காது என்று நீங்கள் சொன்னால்தான் இந்தப் பிள்ளை பிழைக்கும் என்றாள்.

"இந்த மாசம் சொல்லுதேன். அடுத்த மாசம் யாரு சொல்லுவா? அப்பம் நான் சாகுத வரைக்கும் சாமியாவே இருக்கணுமா, வடிவு?"

பிள்ளை அவள் மேசையில் கையூன்றிக் கோமாளியின் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா, அண்ணாச்சி," என்றாள் வடிவு.

போனை நீட்டினாள். முத்துமாரி எழுந்து நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு, அதை இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளிருந்து அந்த அடிவயிற்றுக் குரல் பேச ஆரம்பித்தது.