ராமேஸ்வரம் இல்லாத வரைபடம்

பாண்டீஸ்வரியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. பள்ளத்தூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். அவள் வீட்டில் யாருக்கும் நீச்சல்கூடத் தெரியாது. இவளுக்கோ உத்தியோகம் கடல் அலையைக் கணக்கிடுவது. உலகம் இப்படியே சூடேறிக்கொண்டு போனால் இன்னும் முப்பது வருடத்தில் எந்தக் கரையை எந்தத் திசையிலிருந்து எவ்வளவு பெரிய அலை அடிக்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து எழுதுவாள். காரைக்குடி ஸ்டேஷனுக்கு எதிர் மாடியில் எங்கள் சின்ன ஆய்வு நிறுவனம். அவள் எழுதுவதைத் தட்டச்சு செய்து அனுப்புவது சுபலட்சுமியாகிய நான்.

போன வருடம் தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊருக்கு அறிக்கை எழுதினாள். கரையை ஒட்டிப் பதினான்கு வீடுகள். மண் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்ட வேண்டும். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. இனிமேல் தெற்கிலிருந்துதான் பெரிய அலை வரும், மண்ணும் வடக்கே நகரும், வீடுகளுக்கு வடக்கே கட்டினால் அந்த மண் வீட்டு முன்னாலேயே தங்கும் என்று எழுதினாள். அரசு ஒப்புதலும் வந்துவிட்டது.

அதைச் சொல்லத்தான் ஊருக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். கடைசி வீட்டுக்காரி முத்தழகு கருவாடு காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

"தெக்க இருந்து பெரிய அலை எப்புடித் தாயி வரும்? அங்குட்டுத்தான் ராமேசுவரம் மறிச்சுக் கெடக்கே. எங்க மண்ண வாரிக்கிட்டுப் போறது வாடைக் காத்து அலைதான்."

பாண்டீஸ்வரி அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள். அலுவலகம் வந்ததும் வரைபடத்தைத் திறந்தாள். உலகக் கடல் முழுவதற்குமான கணக்கு அது. ஒரு கட்டமே நூறு கிலோமீட்டர். அதில் ராமேஸ்வரம் தீவே இல்லை, மணல் திட்டுகளும் இல்லை. எல்லாம் திறந்த கடல். வெளியே ராமேஸ்வரம் ரயில் ஊதிக்கொண்டு போனது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் கட்டங்களைப் பொடிசாக்கி, தீவையும் திட்டுகளையும் அதனதன் இடத்தில் வைத்து மறுபடி ஓட்டினாள். பதினோரு நாள். கம்ப்யூட்டர் சூடாகிறதென்று வீட்டு மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசியில் வந்த விடை முத்தழகு சொன்னதேதான். வடக்கிலிருந்து வாடை அலைதான் வரும், இன்னும் பலமாக வரும். மண் தெற்கே போகும். வடக்கே கல்லைக் கொட்டினால் வருகிற மண் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். பதினான்கு வீடுகளின் முன்னால் இருப்பதும் அரித்துப் போகும்.

வாயை மூடிக்கொண்டு இருடி என்று சொன்னவள் நான்தான். பங்குனியில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. பிழைக்கத் தெரியாதவள் என்று எரிச்சலாக இருந்தது. எங்கள் முதலாளி வெங்கட்ராமன் சாரும் அதையே நாசூக்காகச் சொன்னார். தப்பென்று நாமே எழுதிக் கொடுத்தால் அடுத்த வேலை வராது, இங்கே எட்டுப் பேர் பிழைக்கிறோம் என்றார்.

"அந்தக் கரையில எட்டுப் பேருக்கு மேல இருக்காக சார்," என்றாள் பாண்டீஸ்வரி. "தப்பு என்னோடது. என் பேரப் போட்டே அனுப்புங்க. நீங்க அனுப்பலைன்னா நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்."

சார் வெகுநேரம் பேனாவை உருட்டிவிட்டுத் திருத்திய அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். கல் லாரிகள் ஊருக்குத் தென்கோடிக்குத் திரும்பின. அவள் ஒப்பந்தம் என்னாகும் என்று இன்றுவரை தெரியாது.

மறுபடி அந்த ஊருக்குப் போய், கூடியிருந்தவர்கள் முன்னால் நின்று, தான் எழுதியது தப்பு என்று சொன்னாள். யாரும் திட்டவில்லை. முத்தழகு மட்டும் கேட்டாள்.

"நீ சொல்லலைன்னா எங்களுக்கு எப்பத் தாயி தெரிஞ்சிருக்கும்?"

"வீடு போறப்பத்தான்க்கா."

முத்தழகு தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்று பாண்டீஸ்வரிக்கு, ஒன்று எனக்கு. அதை வாங்க எனக்குக் கை கூசியது.