வளையல் கடைக்குள் போன கார்

இன்று சிதம்பரத்தில் ஒரு கார் மருந்துக்கடைக்குள் புகுந்தது. ஓட்டிய பெண் இறங்கி, "என் தப்புதாங்க" என்று கைகூப்பினாள். எல்லாரும் திட்டினார்கள். என்னால் முடியவில்லை.

1966-இல், கடலூரில் மாமாவின் அம்பாசிடரை ஓட்டிப் பழகும்போது, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். கார் காதர் பாயின் வளையல் கடைக்குள் போனது. பாயின் கால் முறிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் செல்வராசு, மாமா சொல்லிக்கொடுத்தபடி, "நான்தாங்க ஓட்டுனேன்" என்று போலீசில் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாயைப் பார்த்தேன்.

"ஓட்டுனது நீதான்னு எனக்குத் தெரியும் தம்பி. நீயே சொல்லுவேன்னு ஒரு வாரமா பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

அப்போதும் நான் சொல்லவில்லை. செல்வராசு ஜெயிலுக்குப் போனார். நான் காலேஜுக்குப் போனேன்.

பாயும் செல்வராசும் இப்போது உயிரோடு இல்லை. இன்றுதான் வெளியே சொல்கிறேன். தயவுசெய்து யாரும் லைக் போடாதீர்கள்.