ரிங்லெட்டில் ஒரு கடை

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலையூரான ரிங்லெட்டில் மழை. பேருந்திலிருந்து இறங்கியதும் எதிரே இருக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைகிறேன். ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட கடைகளின் உட்புறத்தைப் படம் எடுக்கிறேன். மனைவி இறந்த பிறகு வந்த பழக்கம் இது. வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்தில் ஒருவன் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாலும் ஏனென்று யாரும் கேட்பதில்லை.

இங்கே கேட்கிறார்கள். மீன் டின்களை அடுக்கிக்கொண்டிருக்கும் பெண் நிமிர்ந்து பார்க்கிறார்.

“ஏண்ணே, சார்டின் டின்ன போயி படம் எடுக்கிறீங்க?”

“சும்மாதாம்மா. போற ஊர்ல எல்லாம் கடையைப் படம் எடுப்பேன்.”

“எடுத்து யாருக்கு அனுப்புவீங்க?”

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேமராவின் மூடியைத் தேடுவதுபோலச் சட்டைப் பையைத் தடவுகிறேன்.

“யாருக்கும் இல்லம்மா.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கிறார்.

“அப்ப எனக்கு அனுப்புங்க லா. எஸ்டேட் லயத்து வீட்ட விட்டா இந்தக் கடை, இத விட்டா லயம். மத்த ஊரு கடைய நானும் பாக்கறேன்.”

மறுநாள், மலையில் இன்னும் மேலே இருக்கும் பிரிஞ்சாங். இன்னொரு சூப்பர்மார்க்கெட்டின் காய்கறி அடுக்குகளைப் போனிலேயே படம் எடுத்து, வாசலில் நின்றபடி அவருக்கு அனுப்புகிறேன். பேருந்து நிறுத்தம் வரை நடந்துவிட்டேன். அப்போது போனில் அவர் குரல் வருகிறது.

“அண்ணே, அங்க முருங்கக்கீர இருக்கா? பாத்துச் சொல்லுங்க. இங்க வர்றதே இல்ல.”

பேருந்து வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பி, கீரைக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறேன்.