வெறுங்கையோடு நீர்வேலிக்கு

எங்கள் ஊரில் ஐம்பதை எட்டப்போகும் ஒரு பெண் விடியற்காலையில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது. இணுவிலில் நான் முதன்முதல் ஓடிய காலையில் இதை நன்றாகவே தெரிந்துகொண்டேன். பால் வாங்கப் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ரீச்சர், ஆருக்கு என்ன?" என்று கேட்டார். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, சும்மா ஓடுறன்" என்றேன். அவர் நம்பவில்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் இன்னும் ஒரு படி மேலே போய், "ஏறுங்கோ ரீச்சர், எங்கையெண்டாலும் கொண்டுபோய் விடுறன்" என்று பின் இருக்கையைத் தட்டிக் காட்டினார். நான் வீடு திரும்பியபோது பக்கத்து வளவுக்காரி எங்கள் படலையில் நின்று என் கணவரிடம் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கணவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இஞ்சாரும், நாளைக்கு ஓடேக்கை கழுத்திலை ஒரு மட்டையைக் கட்டிக்கொண்டு ஓடும். 'எல்லாரும் சுகம்' எண்டு பெரிசா எழுதித் தாறன்" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். எடுத்த கணக்கை விடை வராமல் விட்டுவிட்டு எழும்புகிற பழக்கம் என்னிடம் இல்லை. பிடிவாதக்காரி என்று சொல்வார்கள், சொல்லட்டும். கிளினிக்கில் அந்த இளம் டாக்டர் என் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், சீனி கரையைத் தொட்டுக்கொண்டு நிக்குது. இப்ப மருந்துக் குளிசை தரேல்லை. வாயைக் கட்டுங்கோ, உடம்பை அசையுங்கோ. மூண்டு மாதத்தாலை பாப்பம்" என்று சொன்னாள். கனடாவில் இருக்கும் என் அக்கா ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கு முன்னும் வயிற்றில் ஊசி போடுவதை வீடியோவில் பார்த்திருக்கிறேன். ஊசியைக் குத்திக்கொண்டே என்னோடு சிரித்துக் கதைப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த ஊசி எனக்கு வேண்டாம் என்று கிளினிக் வாசலிலேயே முடிவெடுத்தேன்.

நடந்தால் போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் நடந்தால் கதைக்க ஆள் சேரும்; கதை சேர்ந்தால் கால் நிற்கும். ஓடுகிறவளோடு ஒருவராலும் கதைக்க முடியாது. மகன் கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன சப்பாத்து கிடந்தது. நுனியில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டேன். கோயில் மணி கேட்கிற நேரம் படலையைத் திறப்பேன். மரவள்ளித் தோட்டங்களைத் தாண்டிச் செம்பாட்டுப் புழுதியில் ஓடி, முதலில் மதகடி வரை, பிறகு கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டி, கடைசியில் உரும்பிராய்ச் சந்தி வரை போய்த் திரும்பினேன். நாய்கள் துரத்தின. நான் ஓடவில்லை, நின்று திரும்பி, வகுப்பறைக் குரலில் ஒரு அதட்டு அதட்டினேன். ஒன்பதாம் வகுப்பே அடங்குகிற குரலுக்கு நாய்கள் எம்மாத்திரம்?

வாயைக் கட்டுவதும் நான் நினைத்த அளவுக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை. பேக்கரி வெள்ளைப்பாண் வீட்டுக்குள் வருவதை நிறுத்தினேன். தேத்தண்ணிக்குச் சீனியும் இல்லை, கடிக்கப் பனங்கட்டியும் இல்லை. சோற்றைப் பாதியாக்கி, முருங்கையிலை வறையையும் கத்தரிக்காயையும் இரட்டிப்பாக்கினேன். காலையில் குரக்கன், அதாவது கேழ்வரகுப் புட்டு. முதல் கிழமை கணவர் அந்தப் புட்டைப் பார்த்து, "இதைக் கொண்டு மதில் கட்டலாம்" என்றார். இரண்டாம் மாதம் அவரே இன்னொரு கை கேட்டார். மேல்மாடி வகுப்புக்கு மூச்சு வாங்காமல் ஏறினேன். சட்டைகளைத் தையல்காரியிடம் கொடுத்து ஒடுக்கச் சொன்னேன். மூன்று மாதம் முடிந்து போனபோது டாக்டர் துண்டைப் பார்த்துவிட்டு, "குளிசை வேண்டாம் ரீச்சர், இதை மட்டும் விட்டிடாதேங்கோ" என்றாள். கிளினிக்கில் வரிசையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் போல் இருந்தது. அவ்வளவு பெருமை எனக்கு.

ஆனால் என் வாயைக் கட்டலாம், மற்றவர் வீட்டு அகப்பையை எப்படிக் கட்டுவது? யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் திரும்பினால் அந்த வீட்டோடு கோபம் என்று அர்த்தம். சீனி போட்ட தேத்தண்ணி வரும். பின்னால் ரோல்ஸ் வரும். "காணும், போதும்" என்றால் இன்னொரு கேக் துண்டு வரும். அந்த நாட்களில் என் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் "காணும்" என்பதுதான். சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கே போனாலும் என் சாப்பாட்டை ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்தால் ஒருவரும் வற்புறுத்துவதில்லை. என்ன கெட்டித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பெட்டியோடுதான் அண்ணை வீட்டுக்கும் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மற்றச் சகோதரங்கள் எல்லாம் வெளிநாட்டில். பிறந்த வீடு என்று சொல்லிக்கொண்டு நான் போக இந்த ஊரில் மிஞ்சியிருப்பது நீர்வேலியில் அண்ணையின் வீடு ஒன்றுதான். அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்பேன்; அவளும் என்னை மச்சாள் என்பாள். என்னைவிட ஒரு வயது இளையவள். ஒருவரையொருவர் உரிமையோடு "நீர்" போட்டுத்தான் கதைப்போம். வாய் கொஞ்சம் நீளம் இருவருக்கும். ஆனால் எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் முதல் ஆளாக வந்து நிற்கிறவள் அவள்தான்.

அன்று அண்ணையின் மகளைப் பெண் பேசி மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மச்சாள் விடியமுதல் எழும்பிச் சமைத்திருந்தாள். மேசை நிறையச் சட்டிகள். எல்லோரும் இருந்ததும் நான் என் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தேன். மாப்பிள்ளையின் தாய் மரியாதையாக, "ஏதும் விரதமோ?" என்று கேட்டார். "இல்லை, நான் இப்ப வெளியிலை சாப்பிடுறேல்லை" என்றேன். சொல்லிவிட்டு என் கீரையைச் சாப்பிட்டேன். அகப்பையோடு எனக்குப் பக்கத்தில் நின்ற மச்சாள் அடுத்த ஆளுக்குப் போனாள். வெளிக்கிடும்போது படலை வரை வந்து, "போட்டு வாங்கோ" என்றாள். "நீர்" போய் "நீங்கள்" வந்ததைக் கவனித்தேன். புதுச் சம்பந்திகள் நிற்கிறார்கள், அதுதான் மரியாதை போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தொலைபேசி எடுத்தால் மச்சாள் குளிக்கிறாள், இல்லாவிட்டால் கோயிலுக்குப் போய்விட்டாள். கலியாணத்துக்குச் சொல்ல அண்ணை தனியாக வந்தார். வீட்டுக்கு வீடு புருசன் பெண்சாதியாகப் போய்ச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். "மச்சாள் எங்கை?" என்றேன். "அவளுக்குத் தலையிடி" என்று அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சீனியில்லாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அப்போதும் நான் வாயைத் திறந்து என்னவென்று கேட்கவில்லை. சீனி வருத்தத்தை விளங்கிக்கொள்ளாத ஆட்களோடு நான் ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்ற மிதப்பு.

மிதப்பு இறங்கியது ஒரு பின்னேரத்தில். கணவர் சந்தையிலிருந்து வந்து பையை வைத்துவிட்டு, "நீர்வேலி வாழைக்குலைக்காரரைக் கண்டனான். 'நாளைக்குப் பலகாரச் சூடெல்லே, ரீச்சர் இண்டைக்கே அங்கை போட்டாவோ?' எண்டு கேக்கிறார். உமக்குச் சொன்னவையோ?" என்றார்.

சொல்லவில்லை. கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து, பெண் வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டி, சொந்தப் பெண்கள் கூடியிருந்து பலகாரம் சுடுவது எங்கள் வழக்கம். கலியாணத்துக்கு ஊரையே அழைக்கலாம். பலகாரச் சூட்டுக்கு உரிமைக்காரர் மட்டும்தான். நானோ பெண்ணின் தகப்பனோடு கூடப் பிறந்தவள், அவளுக்கு மாமி. போதாக்குறைக்கு, எங்கள் குடும்பத்தில் பயத்தம் பணியாரத்துக்குப் பாகு பதம் பார்த்து இறக்குவது எப்போதும் என் வேலை. "போய்க் கேளுமன்" என்றார் கணவர். "கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதோ?" என்று சீறினேன். முதலில் வந்தது கோபம்தான். ஆனால் படுத்த பிறகு அது கோபம் இல்லை, பயம் என்று தெரிந்தது. அந்தப் படலையும் மூடிவிட்டால், பிறந்த வீடு என்று எந்தப் படலையை நான் போய்த் தட்டுவேன்?

அடுத்த நாள் வழக்கம்போல ஓட வெளிக்கிட்டேன். உரும்பிராய்ச் சந்தியில் திரும்பவேண்டும். நான் திரும்பவில்லை. யோசித்து எடுத்த முடிவு என்று சொன்னால் பொய். கால் போனது, நானும் போனேன். அவ்வளவு தூரம் அதற்கு முதல் ஓடியதில்லை. மச்சாளை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பதென்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு ஓடினேன். கோப்பாய்ப் பக்கம் வரும்போது தொடை இறுகியது. ஒரு கேள்வி மறந்துபோனது. நீர்வேலியின் வாழைத்தோட்டங்கள் தொடங்கும்போது ஒரு கேள்வியும் மிச்சமில்லை. பசி மட்டும்தான் இருந்தது. விடியமுதல் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவளுக்கு வருகிற பசி. கையில் பை இல்லை, பெட்டியும் இல்லை.

அண்ணை வீட்டு முற்றத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தாச்சியில் எண்ணெய் காய்கிற மணம் படலைக்கே வந்தது. வேர்வை வழிய, மகனின் சப்பாத்தோடு நான் ஓடி உள்ளே போனதும் பெண்கள் எல்லோரும் பதறி எழும்பினார்கள். "ஐயோ, ஆருக்கு என்ன?" என்று ஒருத்தி கத்தினாள். "மாமி!" என்று கலியாணப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்றேன். மூச்சு வாங்கியது. மச்சாள் குசினி வாசலில் நின்றாள். அவளைப் பார்த்துச் சொன்னேன்: "மச்சாள், எனக்குப் பசிக்குது."

"நீங்கள் வெளியிலை சாப்பிடுறேல்லையெல்லே" என்றாள்.

நான் சப்பாத்தைக் கழற்றிப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, அவளைத் தாண்டிக் குசினிக்குள் போய் நிலத்தில் இருந்தேன். "இரவுச் சோறு ஏதும் கிடக்கோ?" என்று கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி பழஞ்சோறு கேட்பதில்லை. கேட்கிறவர் விருந்தாளி இல்லை. மச்சாள் கையைக் கழுவிவிட்டு மண்சட்டியை இறக்கினாள். சிவப்பரிசிச் சோறு. அதற்குள் மிஞ்சிய கத்தரிக்காய்க் குழம்பை விட்டு, கீரைக்கறியைப் போட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பிய்த்துப் போட்டுக் குழைக்கத் தொடங்கினாள். என் முகத்தைப் பார்க்காமல், சட்டிக்குள் பார்த்துக்கொண்டே கதைத்தாள்.

"அண்டைக்கும் சிவப்பரிசிச் சோறுதான். உம்மடை அண்ணைதான் உம்மடை சீனியைப் பற்றிச் சொன்னவர். உமக்கெண்டு தனிச் சட்டியிலை வைச்சனான். தேங்காய்ப்பால் விடாமல் கீரையும் தனியாக் கடைஞ்சு வைச்சனான். அதுக்குள்ளை நீர் பெட்டியைத் திறந்திட்டீர். என்ரை சட்டியின்ரை மூடியை ஒருக்காத் திறந்து பாத்தனீரோ?"

அன்று மேசையின் மூலையில், மற்றச் சட்டிகளிலிருந்து தள்ளி, எனக்கு நேரே இரண்டு சின்னச் சட்டிகள் மூடி வைத்திருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவற்றைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் என் பெட்டியை வைத்திருந்தேன்.

சீனியைப் பற்றி நான் செய்த கணக்கில் இன்றும் ஒரு பிழையும் இல்லை. நாளைக்கும் ஓடுவேன், நாளைக்கும் வெள்ளைப்பாண் தின்னமாட்டேன். ஆனால் அந்த இரண்டு சட்டிகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு சுடுகிறது. குசினி நிலத்தில் இருந்தபடி அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழுகை முந்திவிடும் போல் இருந்தது. வலக்கையை மட்டும் நீட்டினேன்.

மச்சாள் சோற்றை அள்ளி இறுக்கித் திரட்டி, உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தாள். சாப்பிட்டேன். அப்படி ஒரு ருசி. வெளியே யாரோ, "பாகு பதம் பாக்க ஆளில்லை, ரீச்சரை வரச்சொல்லுங்கோ" என்று கூப்பிட்டார்கள்.

"மச்சாள் சாப்பிடுறா, பொறுங்கோ" என்று உள்ளிருந்தே சத்தம் போட்டாள் அவள். அடுத்த உருண்டையைத் திரட்டிக்கொண்டு என்னிடம், "மற்றக் கையையும் நீட்டும்" என்றாள்.

"காணும்" என்ற சொல் பழக்கத்தில் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு மற்றக் கையையும் நீட்டினேன்.